ஆறு வாரங்களில் நான்கு அமைப்புகள்: புளோ-ஆஃப் வால்வில் எங்கே பிசகினேன்?

மூன்றாம்_கியர் எழுதியது:

வணக்கம். ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) இடையே தேங்கும் காற்றை விடுவிப்பதுதான் புளோ-ஆஃப் வால்வு. ஆறு வாரங்களாக அதோடு மல்லுக்கட்டுவதே வேலையாக இருக்கிறேன், இன்னும் தீரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தவறு எந்த இடத்தில் என்று காட்ட வேண்டும்.

கார் 1.8 லிட்டர் பெட்ரோல் டர்போ, நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயிலேயே இருக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் மென்பொருளை மாற்றிய பிறகு பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம், 0.9 பார் வரை போகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஐடிலிங்கில் மேனிஃபோல்டின் (த்ராட்டிலுக்குப் பின்னால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) வேக்யூம் 0.65 பார், அதாவது வெளிக்காற்றைவிட அவ்வளவு குறைந்த அழுத்தம்.

காருடன் வந்த வால்வு பிளாஸ்டிக் உடலும் ரப்பர் டயஃப்ரமும் கொண்டது. விடுகிற காற்றை மீண்டும் டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும் வகை. மூன்றிலிருந்து நான்காம் கியருக்குப் போகும்போது பூஸ்ட் திரும்பி வர நேரமாவதைக் கவனித்து அதைக் கழற்றிப் பார்த்தேன். மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சினால் அது பிடித்து நிற்க வேண்டும். நிற்கவில்லை, காற்று கசிந்துகொண்டே வந்தது. டயஃப்ரத்தின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கிழிசல். பதினோரு ஆண்டுகள் உழைத்த ரப்பர், அதன்மேல் எனக்குக் குறையில்லை.

இரண்டாவது அமைப்பாக, காற்றை வெளியே திறந்துவிடும் பிஸ்டன் வகை வால்வைப் பொருத்தினேன். ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் மேலே ஒரு ஸ்க்ரூ உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் வரும் அந்த 'ப்ஷ்ஷ்' ஓசை எனக்கு மிகவும் பிடித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்று மாலையே தொல்லை ஆரம்பித்தது. சிக்னலை நெருங்கி கிளட்சை மிதித்ததும் ஆர்.பி.எம். 400 வரை சரிகிறது. மூன்று முறைக்கு ஒரு முறை எஞ்சின் அணைந்தேவிடுகிறது. நின்றிருக்கும்போது 700க்கும் 1100க்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. கியர் மாற்றும்போது பின்னால் கரும்புகை, பெட்ரோல் வாடை.

ஸ்பிரிங் தளர்வாக இருக்கிறது என்று எண்ணி ஸ்க்ரூவை முழுவதும் இறுக்கினேன். இதை மூன்றாவது அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலாட்டம் நின்றது, அணைவது குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. அதற்குப் பதிலாக, மெதுவாக ஓட்டி ஆக்சிலரேட்டரை விடும்போது புறா சிறகடிப்பதுபோல் 'துது துது' என்ற ஓசை வந்து சேர்ந்தது.

நான்காவதாக, வால்வை, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு முன்னால், டர்போவை ஒட்டிய குழாய்க்கு இடம் மாற்றினேன். அதற்குப் போகும் வேக்யூம் ஹோஸ் இப்போது 1.2 மீட்டர் நீளம். அதே ஹோஸில் கிளை பிரிக்கும் டீ இணைப்புப் போட்டு பூஸ்ட் மீட்டரையும் சேர்த்தேன். ஸ்க்ரூ நடுவில் இருக்கிறது. இப்போது சிறகடிப்பும் இருக்கிறது, அணைவதும் இருக்கிறது, போதாததற்கு மீட்டரின் முள்ளும் நடுங்குகிறது.

வால்வின் தரம் போதவில்லையா? இதைவிடப் பெரியது வாங்க வேண்டுமா?


வெள்ளி_நட்டு எழுதியது:

என் காரிலும் வெளியே விடும் வால்வுதான், இரண்டு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் என் காரில் எம்.ஏ.எஃப். சென்சார் கிடையாது, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துத்தான் இ.சி.யு. பெட்ரோலைக் கணக்கிடுகிறது. த்ராட்டிலுக்கு முன்னால் எவ்வளவு காற்றை வெளியே விட்டாலும் அந்தக் கணக்கு பிசகாது. உங்களுடையதில் பிசகும். வால்வு பெரியதா சிறியதா என்ற கேள்விக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள்.


அழுத்தமானி எழுதியது:

மூன்றாம்_கியர், புதிய வால்வு வாங்காதீர்கள். கையில் இருப்பது நல்ல வால்வாகவே இருக்கலாம். அதைச் சோதிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒரே ஸ்க்ரூவால் தீர்க்கப் பார்த்திருக்கிறீர்கள். இதே பாதையில் நானும் ஒரு முழு மழைக்காலத்தைக் கழித்தேன். அன்று யாராவது எண்களோடு உட்கார்ந்து விளக்கியிருந்தால் பாதி வேலை மிஞ்சியிருக்கும். ஆகவே நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பிஸ்டனின் மேலும் கீழும் என்ன நடக்கிறது என்பது. பிஸ்டனின் மேல் அறைக்கு மேனிஃபோல்டிலிருந்து ஹோஸ் வருகிறது, அங்கேயே ஸ்பிரிங்கும் இருக்கிறது. கீழ்ப்பக்கம் டர்போவிலிருந்து வரும் குழாயைப் பார்த்திருக்கிறது. நீங்கள் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது கீழே 0.9 பார், மேலேயும் ஏறத்தாழ 0.9 பார். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். வால்வை மூடி வைக்க மென்மையான ஸ்பிரிங்கே போதும். பூஸ்ட் கூடினால் ஸ்பிரிங்கையும் இறுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஹோஸ் சரியான இடத்திலிருந்து வந்தால் அதற்குத் தேவையே இல்லை.

ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால் த்ராட்டில் மூடுகிறது. மேலே அழுத்தம் 0.65 பார் வேக்யூமுக்கு இறங்குகிறது, கீழே இன்னும் 0.9 பார் நிற்கிறது. வேறுபாடு 1.55 பார். வால்வு பாய்ந்து திறக்கும். அரை மனத்தோடு ஓட்டி 0.3 பாரில் விட்டாலும் வேறுபாடு 0.95 பார்.

இப்போது ஐடிலிங்கைப் பாருங்கள். மேலே அதே 0.65 வேக்யூம், கீழே ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம். வேறுபாடு 0.65. வெளியே விடும் வால்வாக இருந்தால் இந்த 0.65க்கு அது திறக்கவே கூடாது. திறந்தால் ஃபில்டரையும் எம்.ஏ.எஃப். சென்சாரையும் தாண்டாத காற்று, தூசியோடு, வால்வின் வாய் வழியாக உள்ளே போகும். அளக்காத காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது. கலவை மெலியும், இ.சி.யு. திருத்தும், மீண்டும் பிசகும். உங்கள் 700க்கும் 1100க்கும் இடையிலான ஊஞ்சல் இதுதான். ஆகவே வெளியே விடும் வால்வின் ஸ்பிரிங் 0.65ஐத் தாங்கி, அதற்குச் சற்று மேலே, 0.7 அல்லது 0.75 பாரில் திறக்கத் தொடங்க வேண்டும். டயல் நிறுவனத்தின் கியூ வால்வுக்கு ஐடிலிங் வேக்யூமைக் கேட்டு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். எச்.கே.எஸ். நிறுவனத்தின் எஸ்.எஸ்.கியூ.வி. வால்வு வேறு விதம், குழாயின் அழுத்தமே அதை மூடிப் பிடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஸ்பிரிங்கைச் சரிசெய்யும் ஸ்க்ரூ அதில் இல்லை.

நீங்கள் முழுவதும் இறுக்கியபோது ஐடிலிங் சரியானது, ஏனென்றால் வால்வு அங்கே திறக்கவில்லை. ஆனால் குறைந்த பூஸ்டில் விடும்போதும் அது திறக்கவில்லை. போக இடமில்லாத காற்று, டர்போவில் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் சக்கரத்தின் வழியாகவே பின்னோக்கி வந்து, அழுத்தம் தணிந்ததும் சக்கரம் மீண்டும் அதைப் பிடித்து முன்னோக்கித் தள்ளி, மறுபடியும் பின்னோக்கி. நீங்கள் கேட்ட சிறகடிப்பு அந்தப் போக்குவரத்தின் ஓசை.

இனி எஞ்சின் அணைவது. இதற்கும் ஸ்பிரிங்குக்கும் உறவு குறைவு, வெள்ளி_நட்டு தொட்ட இடம் இதுதான். உங்கள் சென்சார் ஃபில்டரை ஒட்டி இருக்கிறது. அதைத் தாண்டிப் போன ஒவ்வொரு கிராம் காற்றும் இ.சி.யு.வின் கணக்கில் ஏறிவிட்டது, அதற்கான பெட்ரோல் வரப்போகிறது. அந்தக் காற்றை வால்வு வெளியே விட்டால் பெட்ரோல் மட்டும் வந்து நிற்கும். கரும்புகையும் வாடையும் அதனால்தான். ஐடிலிங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு இப்படிப் பெட்ரோல் மிகுந்த கலவை கிடைத்தால் அது மூச்சுத் திணறி அணைகிறது. இது நீண்ட நாள் நடந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அது தாங்காது. காற்றை டர்போவின் வாய்க்குத் திருப்பினால் மட்டுமே இந்தக் கணக்கு நேராகும். உங்கள் ஓசை போய்விடும், எனக்கும் அது வருத்தம்தான். ஆனாலும் உங்கள் காரில் வெளியே விடும் அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதி வெளியே, பாதி உள்ளே என்று பிரிக்கும் வால்வுகளும் கிடைக்கின்றன. அவற்றில் கோளாறு பாதியாகும், தீராது.

திருப்பி அனுப்பும் அமைப்பில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஐடிலிங்கில் வால்வு திறந்து கிடந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் சுற்றி வருவது அளந்த காற்று. ஆகவே ஸ்பிரிங்கை மென்மையாக வைக்கலாம், சிறகடிப்பும் எளிதில் அடங்கும்.

நான்காவது அமைப்பு. அந்த டீ இணைப்பை இன்றே பிடுங்குங்கள். இதில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. வால்வின் ஹோஸ் வால்வுக்கு மட்டுமே உரியது. மீட்டரோ பெட்ரோல் ரெகுலேட்டரோ அதிலிருந்து கிளைத்தால், ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் ஏறும், வால்வும் தாமதமாகத் திறக்கும். 1.2 மீட்டர் ஹோஸில் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி முடித்த பிறகுதான் உங்கள் பிஸ்டன் அசைகிறது. அதற்குள் காற்று கம்ப்ரசருக்குத் திரும்பிவிட்டது. என் காரில் உள்விட்டம் 5 மில்லிமீட்டர், நீளம் 38 சென்டிமீட்டர். கெட்டியான சுவருள்ள ஹோஸாக இருக்கட்டும். மெல்லிய சிலிக்கான் ஹோஸ் சூட்டில் இளகி, வேக்யூமில் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். எடுக்கும் இடம் த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டிலேயே இருக்க வேண்டும்.

வால்வு டர்போவை ஒட்டி இருக்கலாமா, த்ராட்டிலை ஒட்டி இருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இன்டர்கூலருக்கு முன்னால் இருக்கும் குழாயில் அழுத்தம் மேனிஃபோல்டைவிடச் சற்றுக் கூடுதல், ஏனென்றால் இன்டர்கூலரைக் கடக்கும்போது கொஞ்சம் இழக்கிறோம். அந்த வேறுபாட்டையும் ஸ்பிரிங் தாங்க வேண்டும். எனக்கு த்ராட்டிலுக்கு அருகே வைப்பது பிடிக்கும்: ஹோஸ் குட்டையாகிறது, மூடிய த்ராட்டிலில் மோதும் காற்றுக்கு அங்கேயே வழியும் கிடைக்கிறது. திரும்பும் குழாயை மட்டும் எம்.ஏ.எஃப். சென்சாரிலிருந்து முடிந்தவரை தள்ளி, டர்போவை நோக்கிச் சாய்த்து இணையுங்கள். சென்சாருக்கு அருகே நேர்குத்தாக இணைத்தால் பாயும் காற்று சென்சாரின் மேலேயே மோதி, திருப்பி அனுப்பியும் பயனில்லாமல் போகும்.

வால்வைச் சோதிக்க: கையால் அடிக்கும் வேக்யூம் பம்ப் ஒன்று இரவல் வாங்குங்கள். வால்வை மேசையில் வைத்து மேல்முனையில் பம்பை மாட்டி மெதுவாக அடியுங்கள். பிஸ்டன் எந்த அளவில் அசையத் தொடங்குகிறது, எந்த அளவில் முழுவதும் திறக்கிறது, ஒரு நிமிடம் விட்டால் முள் இறங்குகிறதா என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேசையில் கீழ்ப்பக்கம் வெளிக்காற்று என்பதால், பம்ப் காட்டும் எண்தான் நான் மேலே சொன்ன வேறுபாடு. ஸ்க்ரூவை அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி ஒவ்வொன்றுக்கும் எண்ணை எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.


சுழல்தண்டு எழுதியது:

இவ்வளவு உழைப்பு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வால்வையே எடுத்துவிட்டு, துளையை அடைத்து இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். டர்போ நன்றாக இருக்கிறது, தண்டில் ஆட்டமில்லை, எண்ணெய்க் கசிவில்லை. முன்பு எத்தனையோ பந்தயக் கார்கள் இந்த வால்வு இல்லாமலே ஓடியிருக்கின்றன. குறைந்த பூஸ்டில் அந்தச் சிறகடிப்பு ஓசைதான் பெரிது, சேதம் ஒன்றுமில்லை.


அழுத்தமானி எழுதியது:

சுழல்தண்டு, உங்கள் டர்போ நன்றாக இருக்கிறது என்பதை ஏற்கிறேன். சிறிய கம்ப்ரசரும் குறைந்த பூஸ்டுமாக இருந்தால் பல காலம் தாங்கும். சிறகடித்த மறுநாளே டர்போ உடைந்துவிடும் என்று பயமுறுத்துவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் தண்டை ஒவ்வொரு துடிப்பிலும் முன்னும் பின்னும் தள்ளுகிறோம், அந்தச் சுமை முழுவதும், தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இறங்குகிறது. பூஸ்ட் கூடக் கூட அந்த அடியும் கூடும். சக்கரத்தின் வேகம் குறைவதால் அடுத்த கியரில் பூஸ்ட் வர நேரமாகிறது. மூன்றாம்_கியர் முதலில் வால்வைக் கழற்றியதே அந்தத் தாமதத்துக்காகத்தான்.

அவருடைய காருக்கு வலுவான காரணம் இன்னொன்று இருக்கிறது. பின்னோக்கி வரும் காற்று எம்.ஏ.எஃப். சென்சார் வரைக்கும் எட்டுகிறது. சூடான கம்பி வகைச் சென்சாருக்குக் காற்றின் திசை தெரியாது. கம்பி குளிர்ந்தால் காற்று போகிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். உள்ளே போனபோது ஒரு முறை, திரும்பி வந்தபோது ஒரு முறை, மறுபடியும் போனபோது ஒரு முறை என்று ஒரே காற்றை மூன்று முறை எண்ணிவிடும். திசையறியும் சென்சார்கள் பிற்பாடு வந்தன, எல்லாக் கார்களிலும் அவை இல்லை. உங்கள் காரில் மேப் சென்சார் இருந்தால் இந்தத் தொல்லை உங்களைத் தொட்டிருக்காது. எந்தச் சென்சார் என்று சொல்லுங்கள்.


சுழல்தண்டு எழுதியது:

மேப் சென்சார்தான். நீங்கள் சொன்ன கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. அவருக்கு என் வழி பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.


நீலத்_தீப்பொறி எழுதியது:

பின்னால் படிக்க வருபவர்களுக்காக ஒரு குறிப்பு. ஃபோக்ஸ்வாகனின் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. போன்ற எஞ்சின்களில் இந்த வால்வு டர்போவின் உடலிலேயே திருகியிருக்கும். வேக்யூம் ஹோஸ் இல்லை, இ.சி.யு.வே மின்சாரத்தால் திறந்து மூடும். அவற்றுக்கு மேலே உள்ள ஸ்பிரிங் கணக்கும் ஹோஸ் நீளமும் பொருந்தாது. டீசல் கார் வைத்திருப்பவர்களும் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினைப் போல த்ராட்டிலை மூடி டீசல் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, பெட்ரோலில் வரும் இந்த அழுத்தத் தேக்கம் அங்கே வருவதில்லை, ஆகவே இந்த வால்வுக்கு அங்கே வேலையில்லை.


மூன்றாம்_கியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அழுத்தமானி, நீங்கள் சொன்ன தாளை எழுதிவிட்டேன்.

பம்ப் இரவல் கிடைத்தது. ஸ்க்ரூ பெட்டியிலிருந்து வந்த நிலையில் பிஸ்டன் 0.48 பாரில் அசைகிறது. அதாவது என் ஐடிலிங் வேக்யூமுக்கு அது முழு நேரமும் திறந்தே கிடந்திருக்கிறது. முழுவதும் இறுக்கிய நிலையில் என் பம்பால் 0.85 பார் வரை இழுத்தும் பிஸ்டன் அசையவில்லை. இரண்டு எண்களையும் பார்த்தபோது ஆறு வாரக் குழப்பமும் ஒரே நொடியில் தெளிந்தது. ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தேன், முள் இறங்கவில்லை. ஆகவே வால்வில் கசிவு இல்லை. ஓ-ரிங்கை மட்டும் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசினேன்.

அதே வால்வுக்கு வெளியே விடும் வாயைக் கழற்றிவிட்டு ஹோஸ் மாட்டும் வாய் ஒன்றைத் திருகலாம் என்பது அதன் கையேட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது. வால்வை த்ராட்டில் பக்கம் கொண்டுவந்து, திரும்பும் குழாயைத் தொழிற்சாலை வால்வு இணைந்திருந்த பழைய இடத்திலேயே சேர்த்தேன். வேக்யூம் ஹோஸ் இப்போது 32 சென்டிமீட்டர். பூஸ்ட் மீட்டருக்கு மேனிஃபோல்டில் வேறு முனை எடுத்தேன்; முள் நடுங்குவது அன்றே நின்றது. திறக்கும் அளவை 0.55 பாரில் வைத்தேன்.

கசிவுச் சோதனையும் செய்தேன். டர்போவின் வாயை அடைத்து, காற்றடிக்கும் கம்ப்ரசரால் 0.9 பார் ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். இன்டர்கூலரின் கீழ் கிளாம்பில் நுரை பொங்கியது, அதை மாற்றிவிட்டேன். ஆனால் புளோ-ஆஃப் வால்விலிருந்தும் பெரிதாகச் சீறல் வருகிறது. மேசையில் கசியாத வால்வு காரில் எப்படிக் கசியும்?


அழுத்தமானி எழுதியது:

அது கசிவு இல்லை. த்ராட்டிலை மூடி வைத்துச் சோதித்திருப்பீர்கள். கீழே 0.9 பார் ஏற்றினீர்கள், மேல் அறைக்கு அழுத்தம் எட்டவில்லை. 0.55க்குத் திறக்கும்படி நீங்கள் வைத்த வால்வு, வைத்தபடியே திறந்திருக்கிறது. த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு மறுபடியும் ஏற்றுங்கள். மேனிஃபோல்டுக்கும் அழுத்தம் போய் மேல் அறை நிரம்பினால் சீறல் நின்றுவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள், கிராங்க் பெட்டிக்குள் அழுத்தம் தேங்கி சீல்களைத் தள்ளாமல் இருக்கும். காற்றையும் மெதுவாக ஏற்றுங்கள்.

அந்த நுரை பொங்கிய கிளாம்ப்தான் பெரிய செய்தி. அங்கே போனதும் அளந்த காற்றுதான்.


மூன்றாம்_கியர் எழுதியது:

நீங்கள் சொன்னபடியே ஆனது. த்ராட்டிலைத் திறந்ததும் சீறல் அடங்கியது.

ஐந்து நாள் ஓட்டிய பின் எழுதுகிறேன். ஒரு முறைகூட எஞ்சின் அணையவில்லை. ஐடிலிங் 820இல் நிற்கிறது. சூடான எஞ்சினில் எம்.ஏ.எஃப். நொடிக்கு 2.4 கிராம் காட்டுகிறது. வெளியே விட்ட நாட்களில் 1.7க்கும் 2.2க்கும் இடையே அலைந்துகொண்டிருந்தது. கரும்புகை இல்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்ததிலிருந்து 0.9 பார் வர, கிழிந்த டயஃப்ரத்தில் 1.3 நொடி, இறுக்கிய ஸ்க்ரூவில் 1.2, இப்போது 0.8. காரின் ஓ.பி.டி. (இ.சி.யு.வின் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) பதிவிலிருந்து எடுத்தவை.

ஓசை போனது உண்மை. ஏர் ஃபில்டர் பக்கமிருந்து ஒரு மெல்லிய பெருமூச்சு மட்டும் வருகிறது. இரண்டு நாட்கள் அதற்காக ஏங்கினேன். மூன்றாம் நாள் மேட்டில் நான்காம் கியர் விழுந்ததும் இழுவை உடனே கிடைத்தபோது அந்த ஏக்கம் குறைந்துவிட்டது.

ஒன்று மட்டும் மிச்சம். இரண்டாம் கியரில், 2000 ஆர்.பி.எம். அளவில், இன்னும் லேசான சிறகடிப்பு கேட்கிறது.


அழுத்தமானி எழுதியது:

0.8ஐ மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள், 1.3ஐயும் 1.2ஐயும் மட்டும் வெவ்வேறு எண்களாக எடுக்காதீர்கள். ஓ.பி.டி. வழியே நொடிக்கு நான்கைந்து பதிவுதான் வருகிறது, கால் நொடிக்குக் குறைந்த வேறுபாடு அதில் தெரியாது. அழுத்தத்தை மட்டும் தனியாகப் பதிந்தால் கொஞ்சம் நெருக்கமாகக் கிடைக்கும்.

சிறகடிப்பைப் பற்றி ஒரு கேள்வி, பதில் முக்கியம். அப்போது உங்கள் கால் ஆக்சிலரேட்டரின் மேல் இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா? அழுத்திக்கொண்டே இருக்கும்போது வந்தால் அது கம்ப்ரசர் தன் எல்லையைத் தாண்டுவது. குறைந்த ஆர்.பி.எம்.மில் மென்பொருள் அதிக பூஸ்ட் கேட்டால் அப்படி ஆகும். எந்த வால்வும் அதைத் தீர்க்காது, மென்பொருள் எழுதியவரிடம்தான் போக வேண்டும்.


மூன்றாம்_கியர் எழுதியது:

அழுத்தும்போது இல்லை. முழுவதும் எடுக்கும்போதும் இல்லை. முன்னால் ஒரு வண்டி வேகம் குறைப்பதைப் பார்த்து, காலை லேசாகத் தளர்த்தும்போது மட்டும்.


அழுத்தமானி எழுதியது:

அப்படியானால் நிம்மதியாக இருங்கள், மென்பொருளுக்குப் போக வேண்டாம். லேசாகத் தளர்த்தும்போது த்ராட்டில் பாதிதான் மூடுகிறது. மேனிஃபோல்டு 0.1 வேக்யூம் வரைதான் இறங்கும், குழாயில் 0.3 நிற்கும் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு 0.4 பார். உங்கள் வால்வு 0.55க்குத்தான் திறக்கும். உங்கள் தாளில் 0.4க்கு எந்த நிலை?


மூன்றாம்_கியர் எழுதியது:

பெட்டியிலிருந்து வந்த நிலைக்கும் கீழே, இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் 0.39. திருப்பி அனுப்பும் அமைப்பு என்பதால் ஐடிலிங்கில் திறந்து கிடந்தாலும் பாதகமில்லை என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. நாளைக் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தளர்த்திவிட்டு, அதே இரண்டாம் கியர், அதே 2000 ஆர்.பி.எம்.மில் ஓட்டிப் பார்க்கிறேன். முழு பூஸ்டில் 0.9 நிற்கிறதா என்றும் பதிந்து, இரண்டு எண்களையும் எழுதுகிறேன்.